தோலோடு விற்பதா, உரித்து விற்பதா?

நாரந்தனையிலிருந்து சென்று கனடாவிற் குடியேறிய என் மருமகன் ஒருவன், ஒன்ராறியோ மாகாணத்தின் வடபகுதியில் உரோமத்தோல் வாங்கும் வியாபாரி ஒருவரிடம் இரண்டு பனிக்காலங்களாகப் பணிபுரிகின்றான். சென்ற கிழமை அவனிடமிருந்து வந்த மடலில் ஒரு வினா இருந்தது. மாணாக்கர்க்கும் அவ்வினா பயன்படக்கூடும் என்பதனால் இன்றைய பத்தியை அதற்கே ஒதுக்குகின்றேன்.

கொயோட்டி என்பது அந்நாட்டு விலங்கு. நம் நரியினும் பெரிது, ஓநாயினும் சிறிது. ஆட்டுப்பட்டிகளிற் புகுந்து குட்டிகளைத் தூக்கிச் செல்வதனால் குடியானவர்க்குப் பகை. பனிக்காலத்தில் அதன் உரோமம் அடர்ந்து நீண்டு வளரும். அதனை வேட்டையாடுவோரிற் பலர் தோலை உரிப்பதில்லை; முழு உடலாகவே கொணர்ந்து வியாபாரியின் கொட்டிலில் இறக்கிப் பணம் பெற்றுச் செல்வர். கேட்பதற்கு அருவருப்பாக இருக்கலாம். ஆனால், ஊர்காவற்றுறைக் கரையில் சுறாவை முழுதாக இறக்குவதைக் கண்டு வளர்ந்த நமக்கு அது அத்துணை வியப்பன்று.

உரித்தல் கைப்பழக்கம் வேண்டும் தொழில். பின்கால்களிலிருந்து தொடங்கி, சட்டைக் கையை உள்வெளியாக இழுப்பது போல, தோலைக் குழாய் வடிவிலேயே தலைவரை கழற்ற வேண்டும். பின்னர் ஒட்டியுள்ள கொழுப்பையும் தசையையும் சுரண்டி நீக்கி, பலகையில் இழுத்து மாட்டி உலர்த்த வேண்டும். கத்தி ஓரிடத்தில் வழுவினாலும் விலை இறங்கிவிடும். உரிக்காமல் வைப்பதிலும் இடருண்டு. உடலின் சூடு விரைவில் ஆறாவிடின் வயிற்றுப்புறம் பச்சையாகி அழுகும். உரோமம் கையோடு வரும். ஆகையால் உடனே குளிரவைத்துக் கொணர்தல் வேண்டும். முழு உடலுக்கு விலை பேசும் வியாபாரி உரிக்கும் கூலியைக் கழித்தே தருவார். அது நியாயமே.

மருமகனின் வினா இதற்கு அப்பாற்பட்டது. "மாமா, முதியவர் ஒருவர் இரண்டு கொயோட்டிகளைக் கொண்டுவந்தார். ஒன்றின் முதுகில் உரோமம் தேய்ந்திருந்தது. மற்றையது முதல்தரம். முதலாளி இரண்டுக்கும் ஒரே விலை சொன்னார். முதியவர் என்னைப் பார்த்து, இது சரியான விலைதானா தம்பி என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். நான் செய்தது பிழையா?" என்று எழுதியிருந்தான்.

மறுமொழி எழுத அமர்ந்தபோது என் சின்னையாவின் நினைவு வந்தது. 1960களில் அவர் சுறா வலை போட்டவர். பிடித்த சுறாவை ஒருநாளும் வெட்டியதில்லை. கரைக்கு வரும் வியாபாரியிடம் கண்மதிப்பில் முழுதாகக் கொடுத்துவிடுவார். சுறாவிலே எத்தனை பொருள் என்று எண்ணிப் பாருங்கள். முதுகுச் சிறகு ஒன்று, பக்கச் சிறகுகள் இரண்டு, வாலின் கீழ்மடல் ஆகியவை சேர்ந்து ஒரு தொகுதியாகி, உலர்ந்தபின் கடல் கடந்து சீனர் சமைக்கும் சூப்பிற்குச் செல்லும். ஈரலை உருக்கிய எண்ணெய் வள்ளத்தின் பலகைக்குப் பூசப்படும். தசை கருவாடாகும். இவற்றுள் ஒன்றேனும் சின்னையாவின் கணக்கில் ஏறியதில்லை.

சின்னாச்சிக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் ஒரு சுறாவை மறித்து வைத்துக்கொண்டு தாமே வெட்டினார். சுறாத்தோல் அரம் போன்றது, கத்தி மழுங்கிற்று. சுறாத் தசையை விரைந்து உப்பிடாவிடின் மூக்கைத் துளைக்கும் நெடி எழும், அதுவும் எழுந்தது. சிறகைப் பிறைவடிவாக, தசை ஒட்டாமல் அரிய வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. தசையோடு வெட்டிய சிறகுகள் நாற்றமெடுத்தன. வியாபாரி அவற்றைக் காலால் ஒதுக்கினார். வீட்டில் இரண்டு நாட்கள் பேச்சில்லை. மூன்றாம் நாள் சின்னாச்சி தீவிலேயே சுறா வெட்டும் ஒரு கிழவியைத் தேடிச் சென்று பக்கத்தில் குந்தியிருந்து பழகினார்.

பழகியும் பயனில்லாமற் போயிற்று. வலை வாங்க வியாபாரியிடம் பெற்ற முற்பணம் இருந்தது. மீனை முழுதாகவே தரவேண்டும் என்பது அக்கடனின் சொல்லாத நிபந்தனை. சின்னையா வெட்டாதிருந்தது அறியாமையினால் என்றே நான் அதுகாறும் எண்ணியிருந்தேன். கடன் தீர மூன்று ஆண்டுகள் சென்றன. அந்த மூன்றாண்டும் என் மைத்துனி ஒருத்தி பள்ளிக்கூடம் செல்லவில்லை.

நிற்க. இன்று இலங்கையில் சுறாவை முழுதாக இறக்குவது சட்டமே ஆகிவிட்டது. சிறகை மட்டும் அரிந்துகொண்டு உடலைக் கடலில் எறியும் கொடுமையைத் தடுக்க, 2001ஆம் ஆண்டு முதல் சிறகு உடலோடு சேர்ந்தே கரைசேர வேண்டும் என்று விதித்திருக்கின்றனர். சாட்டை போன்ற வாலுடைய சுறாவைப் பிடிப்பது 2012 முதல் அறவே விலக்கப்பட்டுள்ளது.

கனடாவின் உரோமத்தோல் வாணிபமும் பழைய நிலையில் இல்லை. 1670ஆம் ஆண்டு அரச பட்டயம் பெற்று அவ்வாணிபத்தாலேயே வளர்ந்த ஹட்சன் வளைகுடாக் கம்பனி, 2025ஆம் ஆண்டு தன் கடைகளையெல்லாம் மூடிவிட்டது. குளிரங்கியின் தலைமூடிக்குக் கொயோட்டி உரோமத்தைப் பயன்படுத்திப் புகழ்பெற்ற கனடா கூஸ் நிறுவனம், இனி உரோமம் வாங்குவதில்லை என்று 2021இல் அறிவித்தது. நம்மவர் பிள்ளைகள் பலர் அவ்வங்கியை ஆசையோடு வாங்கி அணிந்தவர்களே. வாங்குவோர் குறைந்த சந்தையில் விற்பவன் கேள்வி கேட்க அஞ்சுவான். அந்த முதியவர் முதலாளியை விட்டு என் மருமகனைக் கேட்டதற்கும் இதுவே காரணமாகலாம்.

நான் எழுதிய மறுமொழி சுருக்கமானது. முழு உடலாக வாங்குவதில் பிழையில்லை. கூலி கழிப்பதிலும் பிழையில்லை. தரத்தை அறிந்தவன், அறியாதவன் வாய்விட்டுக் கேட்ட பின்னும் மௌனமாய் நிற்பது பிழை. வேலை போய்விடுமே என்ற அச்சம் எனக்கு விளங்காமலில்லை. அந்த அச்சத்தை முதலாளியிடமே தனியே சென்று பேசித் தீர்த்துக்கொள் என்றேன்.

நேற்று மறுமடல் வந்தது. முதலாளி முகங்கோணினாராம், ஆயினும் நல்ல தோலுக்குத் தனிவிலை கொடுத்தாராம். முதியவர் அடுத்த கொயோட்டியை வீட்டிலேயே உரித்து, கால்மடிப்பில் இரண்டிடங் கிழித்துக்கொண்டு வந்து நின்றாராம். இப்பொழுது சனிக்கிழமைகளில் கொட்டிலுக்கு வந்து, மருமகன் உரிப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கின்றாராம்.

சின்னாச்சியின் கத்தி இன்னும் வீட்டில் இருக்கின்றதா என்றும் கேட்டிருந்தான். இல்லை, 1990இல் ஊரைவிட்டு எழுந்தபோது வீட்டோடு அதுவும் போயிற்று என்று எழுதியிருக்கின்றேன்.