பாறைக்குள் இறங்கும் வேகம்

வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்தில் மழைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. தென்மேற்குப் பருவமும் தரும், வடகிழக்குப் பருவமும் தரும். பஞ்சமெல்லாம் அந்த மழை தங்குவதில்தான். மேலே சிறிது மண், அதற்குக் கீழே கெட்டிப் பாறை. அந்தப் பாறையின் வெடிப்புகளில் மட்டும்தான் நிலத்தடி நீர் நிற்க இடம் உண்டு. ஜவ்வாது மலையில் கொட்டுகிற மழை சில மணி நேரத்தில் ஓடைகளில் இறங்கிப் போய்விடுகிறது. வெடிப்புக்குள் புகுவதற்கு அது மெல்ல நடக்க வேண்டும், ஓரிடத்தில் நின்று போக வேண்டும். மலையில் மரம் குறைந்து, ஓடைகளில் மணலும் போனபின் அதை நிறுத்தி வைக்க எதுவும் இல்லை. அமிர்தி காட்டு வழியாக இறங்கிக் கண்ணமங்கலம் பக்கம் போகும் நாகநதி பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது இதனால்தான். பொறுமை என்றால் மலையைப் போல அசையாமல் இருப்பது என்று மேடைகளில் சொல்கிறார்கள். இந்த நிலத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிலம் எந்த வேகத்தில் வாங்குமோ அந்த வேகத்துக்கு நம் வேலையை இறக்கி, அதை விடாமல் செய்வதுதான் பொறுமை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு அந்தப் பெயரைத் தரக்கூடாது.

நாகநதியில் 2014இல் தொடங்கிய வேலை இதற்குச் சாட்சி. வாழும் கலை அமைப்பு திட்டம் வகுத்தது, கூலி நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து வந்தது, உழைத்தவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள். இருபதாயிரம் பேர்வரை கைகொடுத்ததாக அந்த அமைப்பு சொல்கிறது. செய்தது பெரிய அணை எதுவும் இல்லை. மேட்டு ஓடைகளில் சிமெண்ட் பூசாமல் கல்லை அடுக்கிக் குறுக்கே போட்டார்கள். அந்தத் தடுப்பு தண்ணீரை மறிக்காது. கல் இடுக்கு வழியே மெதுவாக விடும், வண்டலைத் தன் பின்னால் நிறுத்திக்கொள்ளும். கீழே ஓடைப் படுகையில் குழி வெட்டி, சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார்கள். ஓடிவரும் நீர் அதில் விழுந்து, மேல்மண்ணைத் தாண்டிப் பாறை வெடிப்புக்குப் போய்ச் சேரும். இப்படி ஒரு உறைக் கிணற்றால் ஒன்றும் தெரியாது, பத்தாலும் தெரியாது. ஆயிரக்கணக்கில் இறக்கியபின், நாலு வருடம் கழித்துத்தான் ஆற்றில் நீரோட்டம் திரும்பியதாகச் செய்தி வந்தது. 2021 செப்டம்பரில் பிரதமர் தமது வானொலி உரையில் இந்தப் பெண்களைக் குறிப்பிட்டார். நூறு நாள் வேலை என்றால் மரத்தடியில் உட்கார்ந்து எழுந்து வருவது என்று ஏளனம் பேசுகிறவர்கள், ஓடைப் படுகையில் உறை இறக்குவது எப்படிப்பட்ட வேலை என்று ஒருநாள் போய்ப் பார்க்கட்டும்.

மழை நன்றாகப் பெய்ததால் ஆறு ஓடியது, இதில் உறைகளுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உறை எதுவும் மழையைக் கொண்டுவராது. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை எந்தத் தடுப்பின் கணக்கிலும் எழுத முடியாது. ஆனால் வெள்ளத்தை வைத்து இந்த வேலையை அளக்கவே கூடாது. மழை நின்று மாசி, பங்குனியில் வயல் கிணற்றில் எவ்வளவு நிற்கிறது என்பதே அளவு. அதையும் ஒரு வருடம் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நல்ல மழை வருடம், மோசமான வருடம் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பயிர் வாடும்போது விவசாயியிடம் இதைச் சொல்வது கொடுமை என்பதும் சரி. அவர் போர் போடுகிறார், நாளைக்கே தண்ணீர் வருகிறது. ஆனால் அந்த போர் புதிதாக ஒரு சொட்டையும் உண்டாக்குவதில்லை. பக்கத்து வயலுக்கும் சேர்த்து இருக்கிற அதே வெடிப்பிலிருந்துதான் அது இழுக்கிறது. அவர் இருநூறு அடி போனால் பக்கத்து வயல்காரர் முந்நூறு போக வேண்டும்.

அவசரத்துக்கு என்ன விலை என்பது தோல் பதனிடும் ஊர்களான வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்பு ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். முதலில் மெலிந்த பட்டைச்சாறு, அப்புறம் கெட்டிச்சாறு என்று தொட்டி மாற்றி ஊறவைப்பார்கள். எடுத்ததுமே கெட்டிச்சாற்றில் போட்டால் தோலின் மேற்பரப்பு இறுகிவிடும், உள்ளே பச்சையாகவே நிற்கும். கொட்டும் மழை இந்தப் பாறைக்குள் புகாமல் மேலோடு ஓடிவிடுவதும் ஏறக்குறைய இந்தக் கதைதான். குரோம் முறை அந்த வாரங்களை ஓரிரு நாளாகச் சுருக்கியது. பழைய முறையையும் புனிதமாக்கிவிடக் கூடாது. உப்பும் கழிவுநீரும் அதிலும் உண்டு. ஆனாலும் 1970களில் பாதி பதப்படுத்திய தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்து, முழுதாக முடித்த தோலை நோக்கித் தொழில் பாய்ந்தபோது, மிச்சமான நாட்களின் விலையைப் பாலாறுதான் கொடுத்தது.

இங்கேதான் கடினமான மறுப்பு ஒன்று எழுகிறது. பொறுமை என்பது எப்போதும் ஏழைகளுக்கே போதிக்கப்படுகிறது. தோல் கழிவால் கிணறு கெட்டுப்போன ஊர்கள் 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கோடு காத்திருந்தன. 1996 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்று மாசுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. இந்த முப்பத்துச் சொச்ச ஆண்டுகளைப் பொறுமை என்று பாராட்டுவது அநியாயம். பாறைக்கு அவசரம் தெரியாது, அதனிடம் கோபித்துப் பயனில்லை. கழிவைத் திறந்துவிடுகிறவருக்கும் கோப்பைக் கிடப்பில் போடுகிறவருக்கும் காலம் நன்றாகத் தெரியும், அவர்களிடம் பொறுத்துப் போக வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. எதனிடம் பொறுப்பது, யாரிடம் பொறுக்கக் கூடாது என்று பிரித்தறிவதையே நான் ஒரு மனிதரின் வளர்ச்சி என்பேன்.

உறைக் கிணறுகளில் வண்டல் சேரும். தூர் வாராமல் விட்டால் சில மழைக்காலத்தில் அவை வெறும் சிமெண்ட் வளையங்களாகிவிடும். திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் தூர் வாருவதற்கு வருவதில்லை. நாகநதிக் கரை ஊராட்சிகள் ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்பும் இந்த வேலைக்குத் தீர்மானம் போட வேண்டும். கிராம சபையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.