தொட்டுக்கொள்ளாதவரின் தீர்ப்பு

பிலிப்பைன்ஸ் சென்று திரும்பும் நம்மவர்களின் பயணக்குறிப்புகளில் இரண்டு செய்திகளை அடிக்கடி காண்கிறேன். ஒன்று, பலூட் என்னும் வாத்துமுட்டையைக் கண்டு முகம் சுளித்தது. மற்றொன்று, 'சாப்பாட்டில் உறைப்பும் இல்லை, ருசியும் இல்லை' என்ற தீர்ப்பு. இரண்டுமே சோம்பலின் விளைவு என்பது என் துணிபு.

பலூட், இரண்டரை வாரம் போல அடைகாத்த முட்டையை அவித்து இரவில் தெருவில் விற்கும் தின்பண்டம். உப்போ வினிகரோ சேர்த்து உண்பார்கள். அவ்வளவே. அதைத் துணிச்சலுக்கான தேர்வாக்கியது 'ஃபியர் ஃபேக்டர்' போன்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி. நாமும் அந்தக் கண்ணாடியைக் கடன்வாங்கி அணிந்துகொள்கிறோம்.

இரண்டாவது குற்றச்சாட்டை நானே சொல்லியிருப்பேன். மணிலாவில் ஒரு சிறிய உணவகத்தில் கரே-கரே கேட்டேன். மாட்டுவாலும் காய்களும் இட்டு வேர்க்கடலையில் செய்யும் குழம்பு அது. முதல் கவளம் சப்பென்றிருந்தது. பரிமாறிய பெண்மணி ஒன்றும் பேசாமல் ஒரு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். கூனி இறாலை உப்பிட்டு நொதிக்கவைத்த விழுது, பகூங் என்பார்கள். அதைத் தொட்டு உண்டபோதுதான் புரிந்தது, கடலையின் மந்தமான இனிப்பு அந்த உப்புக்காகவே காத்திருந்தது என்று.

இவ்வாறு தொட்டுக்கொள்பவற்றுக்கு அங்கே சௌசாவன் என்று பெயர். மீன்சாறு, வினிகர், மிளகாய், கலமான்சி என்னும் சிறு எலுமிச்சை எல்லாம் இதில் அடங்கும். சமைப்பவர் சுவையை முடித்துவைப்பதில்லை. இறுதிச் சொல்லை உண்பவரிடம் விட்டுவிடுகிறார். பிலிப்பைன்ஸ் உணவைப் பண்பாடாக வாசித்த டோரீன் பெர்னாண்டஸ் (1934–2002) இதைத் தம் கட்டுரைகளில் விளக்கியிருக்கிறார்.

பிடிக்கவில்லை என்று சொல்லக்கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகச் சொல்லலாம், முழுதும் உண்ட பிறகு. புளியிட்ட சினிகாங் சாற்றைக்கூட 'ருசியற்றது' என்று புளியுண்டு வளர்ந்த நாம் ஒதுக்குவதுதான் வியப்பு.

நம் சாம்பாரையும் மீன்குழம்பையும் 'கறி' என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்கும் அயலார்மீது நமக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம்தான். ஆனால் கிண்ணத்தைத் தொடாமல் எழுந்துவந்து ஒரு நாட்டின் சமையலுக்கே தீர்ப்பு எழுதுபவருக்கு அந்தக் கோபத்தில் பங்கு கேட்க உரிமை இல்லை.