விரலுக்குத் தக்க லென்ஸ்

நம் பல்கலைக் கழகத் தமிழ் மாணவரிடையே காமிராப் பற்று பெருகி வருகிறது. மகிழ வேண்டிய செய்திதான். பொங்கல் விழாவானாலும் முத்தமிழ் விழாவானாலும் மேடைக்கு முன்னே நாலைந்து பேர் காமிராவும் கையுமாக நிற்கக் காண்கிறோம். விடுமுறை நாட்களில் குதுப்மினாருக்கும் லோதிப் பூங்காவுக்கும் கூட்டம் கூட்டமாகப் புறப்படுகிறார்கள். ஆனால் இந்தப் பற்றோடு ஒரு கேள்வியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. "எல்லாவற்றுக்கும் பயன்படும் ஒரே லென்ஸ், நம் கைக்கு எட்டும் விலையில், எது?" என்பதே அது. இந்த ஆண்டில் மட்டும் ஏழெட்டுப் பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டனர். அவர்களுக்குத் தனித்தனியே சொன்னதை இங்கே ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் மாணவனுக்கு 18 மி.மீ. முதல் 135 அல்லது 140 மி.மீ. வரை செல்லும் நடுத்தர ஜூம் லென்ஸ் போதும். அதையும் பிறர் பயன்படுத்தியதாக, சோதித்துப் பார்த்து வாங்கினால் போதும். அதற்கு மேற்பட்டதைக் கடன் பட்டு வாங்குவது வேண்டாத வேலை. விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது காமிராவுக்கும் பொருந்தும்.

"எல்லாவற்றுக்கும்" என்ற சொல்லைச் சற்று ஆராய்வோம். 35 மி.மீ. நிழற்படக் காமிராவுக்கென்று விற்பனைக்கு வந்த முதல் ஜூம் லென்ஸ், 1959-ஆம் ஆண்டில் வெளியான ஃபோக்ட்லேண்டர் ஜூமார். ஃபிராங்க் பாக் என்பவர் அதை வடிவமைத்தார். அதன் வீச்சு 36 முதல் 82 மி.மீ. வரை. அதாவது இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே. 1963-இல் நிக்கான் நிறுவனம் 43 முதல் 86 மி.மீ. வரை செல்லும் லென்ஸ் ஒன்றை வெளியிட்டது. அது சரியாக இரண்டு மடங்கு. 2017-இலோ டாம்ரான் நிறுவனம் 18 முதல் 400 மி.மீ. வரை செல்லும் லென்ஸைக் கொண்டுவந்தது. இருபத்திரண்டு மடங்கு! அறிவியலின் வளர்ச்சியை வியக்கத்தான் வேண்டும். ஆனால் வீச்சை நீட்டும்போதெல்லாம் வேறு ஏதோ ஒன்றை விலையாகக் கொடுத்தே ஆகவேண்டும். ஒளி குறையும், அல்லது கூர்மை குறையும், அல்லது எடை ஏறும், அல்லது பணம் ஏறும். நான்கையும் ஒருசேரக் காத்துத் தரும் லென்ஸ் இன்னும் பிறக்கவில்லை.

லென்ஸின் முகப்பில் எழுதியிருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். முதலில் வருவது குவியத் தூரம். 18 என்றால் அகன்ற காட்சி. ஒரு கட்டடம் முழுவதும் அடங்கும். 135 என்றால் தொலைவில் உள்ள முகம் கிட்ட வரும். மாணவரிடம் இருப்பவை பெரும்பாலும் சிறிய சென்சார் உள்ள காமிராக்கள். ஆதலால் இந்த எண்ணை 1.5-ஆலோ, கானன் காமிராவாயின் 1.6-ஆலோ பெருக்கினால்தான் பழைய ஃபிலிம் காமிராவின் கணக்கு கிடைக்கும். அந்தக் கணக்கில் 135 என்பது 200-ஐத் தாண்டிவிடுகிறது. அது சிறிய வீச்சு அன்று.

அடுத்து வருவது துளையின் எண். இங்கே எண் சிறுத்தால் துளை பெருக்கும். துளை பெருத்தால் ஒளி பெருகும். நடுத்தர ஜூம் லென்ஸ்களில் பெரும்பாலும் 3.5 முதல் 5.6 என்று போட்டிருக்கும். அகன்ற முனையில் துளை பெரியது. நீண்ட முனைக்குப் போகும்போது சிறுத்துவிடும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள ஒளி வேறுபாடு இரண்டரை மடங்கு. 2.8 என்ற எண் கொண்ட விலையுயர்ந்த லென்ஸ், 5.6-ஐ விட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். நிழல் விழுந்த அரங்கில் நாட்டியம் நடக்கும்போது இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். "என் லென்ஸில் நடுக்கம் தடுக்கும் ஏற்பாடு இருக்கிறதே!" என்று சிலர் சொல்வர். அந்த ஏற்பாடு படம் எடுக்கிறவன் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். மேடையில் ஆடுகிறவர் கையையோ காலையோ அது நிறுத்தி வைக்காது. அதற்கு ஷட்டர் விரைந்து மூடவேண்டும். ஷட்டர் விரைந்து மூட ஒளி வேண்டும்.

அப்படியானால் 2.8 லென்ஸையே வாங்கிவிடலாமே என்பீர்கள். வாங்கலாம், பணம் இருந்தால். என் விடுதியில் ஒரு நண்பர் அப்படித்தான் வாங்கினார், மாதத் தவணையில். ஊரிலிருந்து அப்பா அனுப்பும் பணத்தில் தவணை போக மிஞ்சியது உணவு விடுதிக் கட்டணத்துக்கே இழுபறி. லென்ஸோ பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. கூட்டத்தில் எடுத்துச் செல்ல அச்சம், மழையில் அச்சம், ரயிலில் அச்சம். படம் எடுப்பவராக இருந்தவர் பொருளுக்குக் காவல் காப்பவர் ஆகிவிட்டார். தவணை முடிந்தபோது அவருக்குப் படிப்பும் முடிந்தது. அவருடைய திறமையில் எனக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. அவர் எடுக்காமல் விட்ட படங்களை எண்ணித்தான் வருந்துகிறேன்.

மறுபுறம், 18 முதல் 300, 18 முதல் 400 என்று நீளும் லென்ஸ்களின் மேல் மோகம் கொள்வார் பலர். "ஒன்றே வாங்கிவிட்டால் பிறகு தொல்லை இல்லை" என்பது அவர்கள் வாதம். வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நீண்ட முனையில் துளை 6.3 ஆகச் சுருங்கும்; உச்சியில் கூர்மையும் தளரும்; கழுத்தில் கனமும் தொங்கும். இத்தனையும் பொறுத்து, அந்த நீண்ட முனையை ஆண்டுக்கு எத்தனை முறை பயன்படுத்துவோம்? இதற்கு ஊகத்தால் விடை காண வேண்டியதில்லை. ஒவ்வொரு படத்திலும் அது எந்தக் குவியத் தூரத்தில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பைக் காமிரா தானே எழுதி வைக்கிறது. கணிப்பொறியில் திறந்து பார்த்தால் தெரியும்.

சென்ற ஆண்டு நான் எடுத்து, அழிக்காமல் வைத்திருக்கும் படங்கள் 900. அவற்றை எண்ணிப் பார்த்தேன். 35 மி.மீ.-க்குள் எடுத்தவை 410. 35-க்கும் 70-க்கும் இடைப்பட்டவை 290. 70-ஐத் தாண்டி, ஆனால் முழு நீளத்தைத் தொடாதவை 160. லென்ஸை முழுக்க நீட்டி, 'இன்னும் கொஞ்சம் எட்டாதா' என்று ஏங்கி எடுத்தவை 40 மட்டுமே. அந்த 40-இலும் பாதிக்கு மேல் பறவைகள். சுல்தான்பூர் ஏரியில் அக்கரையில் நிற்கும் கொக்குக்கு 135-உம் போதாது, 300-உம் போதாது. யமுனைத் துறையில் குளிர்காலத்தில் வந்து மொய்க்கும் கடற்பறவைகளுக்கோ, படகில் ஏறி அமர்ந்தால் 50 மி.மீ.-யே போதும், கை நீட்டும் தூரத்தில் வந்து பறக்கின்றன.

ஒவ்வொருவரும் இக்கணக்கைத் தம் படங்களில் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். காமிராவோடு வந்த 18-55 லென்ஸ் உங்களிடம் இருக்கிறதா? 55-இல் முட்டி நின்ற படங்கள் மிகுதியானால் உங்களுக்கு நீளம் வேண்டும். 18-இல் முட்டி நின்றவை மிகுதியானால் உங்களுக்கு நீண்ட லென்ஸால் பயனில்லை. இரண்டு முனையிலும் முட்டவில்லையா? அப்படியானால் இருப்பதே போதும். அந்தப் பணத்தில் ஆக்ராவுக்கும் ஜெய்ப்பூருக்கும் போய் வாருங்கள்.

"கைபேசி இருக்கக் காமிராவே எதற்கு?" என்று கேட்பாரும் உளர். நியாயமான கேள்வி. அகன்ற காட்சிக்குக் கைபேசி போதும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதனாலேயே நடுத்தர ஜூமை நான் பரிந்துரைக்கிறேன். பட்டிமன்றத்தில் பேசுகிறவர் முகத்தில் தோன்றும் சினமும், சாந்தினி சௌக்கில் தேநீர் ஆற்றுகிறவர் கண்ணில் படியும் ஆவியும், 70-க்கும் 135-க்கும் இடையில்தான் அகப்படுகின்றன. நெருங்கிப் போய் அவரைத் தொல்லைப்படுத்தவும் வேண்டாம்; பின்னணியும் மங்கி முகம் தனித்து நிற்கும்.

18-55-ஐ வைத்துக்கொண்டு 55-250 போன்ற இன்னொரு லென்ஸைச் சேர்ப்பதும் ஒரு வழிதான். விலையும் மிகாது. ஆயினும் டில்லியின் மே, ஜூன் மாதத் தூசியில் அடிக்கடி லென்ஸைக் கழற்றி மாட்டினால் சென்சாரில் மண் படியும். மாற்றிக்கொண்டு நிற்பதற்குள் காட்சியும் போய்விடும். ஆதலால் ஒன்றே போதும் என்பவர் கட்சியில்தான் நான் இருக்கிறேன்.

இந்த வகை லென்ஸ் எல்லா முக்கிய நிறுவனங்களிலும் உண்டு. கானனில் 18-135, நிக்கானில் 18-140, சோனியிலும் ஃபியூஜியிலும் 18-135. கண்ணாடி இல்லாத புதுவகைக் காமிராக்களுக்கு நிக்கான் 2021-இல் 18-140-உம், கானன் 2022-இல் 18-150-உம் வெளியிட்டன. நிறுவனங்கள் இப்புதுவகைக்குத் திரும்பிவிட்டதால் பழைய வகை லென்ஸ்கள் பலவும் சந்தைக்கு மலிவாக வருகின்றன. நான் வாங்கியதும் அப்படி வந்ததுதான். பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. நாளைக்குக் காமிராவை மாற்றினாலும் கானன், நிக்கான் இரண்டுக்கும் இணைப்பு வளையம் கிடைக்கிறது. போட்ட பணம் வீணாகாது.

பழையது வாங்கச் சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரிக்குப் போகிறவர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ளவேண்டும். முதலாவது, உங்கள் காமிராவைக் கையோடு கொண்டு போங்கள். மாட்டிப் பார்க்காமல் பணம் எடுக்காதீர்கள். நிக்கானின் 3000, 5000 வரிசைக் காமிராக்களில் குவியம் பார்க்கும் மோட்டார் இல்லை. லென்ஸிலேயே மோட்டார் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாவது, லென்ஸின் ஒரு பக்கம் கைவிளக்கை வைத்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல் இழை தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இரண்டொரு தூசி இருந்தால் பொருட்படுத்த வேண்டாம், படத்தில் தெரியாது. மூன்றாவது, ஜூம் வளையத்தை முனைக்கு முனை சுழற்றுங்கள், நறநறப்பு இருக்கக்கூடாது. நான்காவது, செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் நேராக ஒட்டி, நேர் எதிரே நின்று படம் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி கோணியிருக்கிறது. கடைக்காரர் அவசரப்படுத்தினால் வணக்கம் சொல்லி அடுத்த கடைக்குப் போங்கள். வாங்கிய பின் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். கோடை விடுமுறைக்குச் சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ கொண்டு போகிறவர்களுக்கு இது மிக அவசியம். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் பூஞ்சை எளிதில் பற்றும்.

இனி, ஒளி குன்றிய அரங்குக்கு என்ன செய்வது? இங்கேதான் நம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். 50 மி.மீ., துளை எண் 1.8 கொண்ட சிறு லென்ஸ் ஒன்று இருக்கிறது. ஜூம் கிடையாது, விலையும் குறைவு. ஆனால் 5.6-ஐ விட ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை அது வாங்கும். நம் விழாக்களின் படங்களுக்கு அதுவே பெருந்துணை. ஆண்டில் நான்கு விழாவுக்காக ஒவ்வொரு மாணவனும் தனித்தனியே அதை வாங்குவது எதற்கு? சங்கமே கானனுக்கு ஒன்றும் நிக்கானுக்கு ஒன்றும் வாங்கி, நூலகத்தில் புத்தகம் கொடுப்பது போலக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கட்டும். பறவை பார்க்கப் போகிறவர்களுக்கென்று பழைய 70-300 ஒன்றையும் சேர்க்கலாம். உறுப்பினர் ஆளுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தால் இரண்டு ஆண்டில் முடிகிற காரியம் இது.

அப்படிச் செய்தால் முதலாண்டு மாணவன் ஒருவன் அச்சமின்றிச் சொல்லலாம்: "என்னிடம் இருப்பது எளிய லென்ஸ்தான்; அரிய நாட்களுக்கு என் சங்கத்தின் லென்ஸ் இருக்கிறது." வசதி உள்ளவன் மட்டும்தான் மேடைக்கு முன்னே நிற்க முடியும் என்ற நிலையும் மாறும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். மாற்றுக் கருத்து உடையவர்கள் அங்கே வந்து எதிர்த்துப் பேசுங்கள். வரும்போது மறவாமல் உங்கள் படங்களை எண்ணிக் கணக்கோடு வாருங்கள்.