காருக்கும் காட்டுக்கும் ஒரே கருவி வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஓரிகனில் இருக்கும் என் மகள் வீட்டில் இரண்டு வாரமாக ஒரே பஞ்சாயத்து. பேரனுக்குப் பத்து வயது முடியப் போகிறது. பிறந்த நாளுக்கு ஜிபிஎஸ் கருவி வேண்டுமாம், ஜியோகேச்சிங் போவதற்கு. "வாங்குறதுதான் வாங்குறோம், காரிலும் மாட்டிக்கிற மாதிரி பெரிசா ஒண்ணு வாங்கிடலாம் அத்தை" என்கிறார் மாப்பிள்ளை. "ஃபோன் இருக்கும்போது அது எதுக்கு" என்கிறாள் மகள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு கட்சி கட்டி, கடைசியில் "அம்மா சொல்லட்டும்" என்று என் தலையில் போட்டுவிட்டார்கள். போன வருடம் ஐந்து மாதம் அங்கே தங்கி இவர்களோடு காடு மேடெல்லாம் நடந்தவள் நான். அதனால் எனக்கும் ஒரு கருத்து உண்டு. காருக்கு ஃபோன் போதும். பிள்ளைக்குத் தனியாக ஒரு சின்னக் கைக்கருவி வாங்குங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒன்று வேண்டவே வேண்டாம்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஜியோகேச்சிங் என்பது புதையல் தேடும் விளையாட்டு. தண்ணீர் புகாத டப்பாவில் ஒரு சிறு நோட்டும் சில சில்லறைச் சாமான்களும் வைத்து மரப்பொந்திலோ பாறை இடுக்கிலோ மறைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார்கள். தேடி வருகிறவர்கள் நோட்டில் பெயரும் தேதியும் எழுதுவார்கள். டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தால் அதற்குச் சமமாகவோ மேலாகவோ ஒன்றை வைக்க வேண்டும். தின்பண்டம் வைக்கக் கூடாது, விலங்குகள் மோப்பம் பிடித்து வந்துவிடும்.

இந்த விளையாட்டு பிறந்த மண்ணே ஓரிகன்தான். 2000 மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பியது. இடம் நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். கிளிண்டன் அதிபராக இருந்தபோது மே 1 நள்ளிரவோடு அதை நிறுத்தினார்கள். மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் போர்ட்லாண்ட் பக்கம் பீவர்கிரீக்கில் ஒரு கறுப்பு வாளியை மறைத்து வைத்து, எண்களை இணையத்தில் வெளியிட்டார். அந்த முதல் வாளியிலேயே ஒரு டின் பீன்ஸ் இருந்ததாம். தின்பண்ட விதி பிறகு வந்தது போலிருக்கிறது!

இனி விஷயத்துக்கு வருகிறேன். கார் கருவிக்கு ஒரு பழக்கம் உண்டு. வானத்திலிருந்து வரும் கணக்கில் நம் வண்டி சாலையை விட்டுப் பத்து மீட்டர் தள்ளி, வாய்க்காலுக்குள் இருப்பதாக விடை வந்தாலும், "கார் வாய்க்காலில் ஓடாது" என்று தானே முடிவு செய்து பக்கத்துச் சாலையின் மேல் படத்தை ஒட்டிவிடும். சாலையில் அது நல்ல புத்தி. காட்டில் அதுவே கெட்ட புத்தி. டப்பா சாலையிலிருந்து முப்பது மீட்டர் உள்ளே மரத்தடியில் இருக்கும். கருவியோ நம்மைச் சாலையிலேயே நிற்க வைத்து "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று சொல்லும். இரண்டு வேலையும் செய்யும் கருவிகளில் 'லாக் ஆன் ரோடு' என்று ஓர் அமைப்பு இருக்கும். காரில் ஏறும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது வேறு மாதிரி மாற்றி வைக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையோடு, மழையில், யார் அதை ஞாபகம் வைத்து மாற்றுவது?

இரண்டையும் ஒன்றாக்க நிறுவனங்கள் முயலாமல் இல்லை. கார்மின் 2008லேயே நூவி 500 என்று ஒன்று கொண்டுவந்தது. தண்ணீரில் விழுந்தாலும் கெடாது, புதையல் விவரங்களையும் காட்டும், காரிலும் வழி சொல்லும். ஆனால் திரை மூன்றரை அங்குலம்தான். இப்போது மாப்பிள்ளை பார்த்து வைத்திருப்பது மொன்டானா 700 வரிசை. ஐந்து அங்குலத் திரை, ஏறக்குறைய 400 கிராம். காரில் வாயால் வழி சொல்ல வேண்டுமானால் அதற்கென்று தனித் தாங்கி வாங்கிப் பொருத்த வேண்டும். நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஜீப்பில் காட்டுத் தடங்களில் வாரக்கணக்கில் சுற்றுகிறவர்களுக்குப் பொருந்தும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கையில் அது செங்கல் மாதிரி இருக்கும். ஆகையால் யார் கையில் இருக்கும்? அப்பா கையில்.

எனக்கு உறுத்துவது இதுதான். போன செப்டம்பரில் போர்ட்லாண்டின் ஃபாரஸ்ட் பார்க்கில் ஒரு டப்பா தேடிப் போனோம். மாப்பிள்ளை ஃபோனைப் பிடித்துக்கொண்டு முன்னால் விறுவிறுவென்று போகிறார். பேரன் பின்னாலேயே ஓடி "அப்பா, எனக்குக் காட்டு, எனக்குக் காட்டு" என்கிறான். அவர் குனிந்து காட்டுவதற்குள் அம்பு வேறு பக்கம் திரும்பிவிடும். டப்பா கிடைத்தது. கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் பிள்ளை அப்பாவைத்தான் கைகாட்டினான். அறிவியல் பாடத்தில் ஆசிரியரே சோதனையைச் செய்து முடித்துவிட்டு "பார்த்தீர்களா" என்று கேட்டால் வகுப்பு எப்படி உட்கார்ந்திருக்கும்? அப்படித்தான் அவன் நின்றான்.

அவன் கையில் கருவி இருந்தால் என்னவெல்லாம் படிப்பான் என்று பாருங்கள். அந்த முதல் வாளியின் அட்சரேகை வடக்கு 45 பாகை 17.460 கலை. இது 17 கலை 46 விகலை அல்ல. புள்ளிக்குப் பின்னால் இருப்பது கலையின் ஆயிரத்தில் 460 பங்கு. அறுபதால் பெருக்கினால் 27.6 விகலை. மாற்றிப் படித்தால் வடக்கே ஐந்நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப் போய்த் தேடுவான். அட்சரேகையில் ஒரு கலை என்பது ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர், கடைசி இலக்கம் ஒன்று கூடினால் இரண்டு எட்டு நடை. என்னிடம் படித்தவர்களுக்குக் கடிகாரத்தை வைத்துத் தசமம் சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கும். இதைவிட நல்ல பயிற்சிக் கணக்கு பாடப்புத்தகத்தில் கிடையாது.

மகள் சொல்வதும் காரைப் பொறுத்தவரை சரி. போக்குவரத்து நெரிசல், மூடிய சாலை, புதிய பாலம் எல்லாம் ஃபோனுக்குத்தான் உடனே தெரியும். சிக்னல் இல்லாத மலைப்பக்கம் போகுமுன் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. 20,200 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள்களிலிருந்து வருவதை ஃபோன் வாங்கிக்கொள்ளும். ஆனால் இறங்கி நடக்கும்போது அதே ஃபோனைப் பிள்ளையிடம் கொடுத்து, மழையில் நனைத்து, மின்சாரத்தையும் தீர்த்துவிட்டால் அவசரத்துக்கு யாரை எப்படிக் கூப்பிடுவாய் கண்ணு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் டெத் வேலியில் ஒரு தாய் கருவி காட்டிய வழியை நம்பி ஆளரவமற்ற மண் தடத்தில் போய், வண்டி புதைந்து, ஐந்து நாள் அகப்பட்டுக்கொண்டார். உடனிருந்த ஆறு வயது மகன் இறந்துவிட்டான். அங்குள்ள வனக்காவலர்கள் இத்தகைய சம்பவங்களுக்கு 'ஜிபிஎஸ் மரணம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தக் கருவி வாங்கினாலும் காரில் ஒரு காகித வரைபடமும் தண்ணீரும் இருக்கட்டும் மாப்பிள்ளை.

எதை வாங்குவது என்று கேட்டால், ஈட்ரெக்ஸ் வரிசையைப் பாருங்கள். பொத்தான் வைத்தது, கையுறையோடும் அமுக்கலாம். கடையில் கிடைக்கும் இரண்டு ஏஏ பேட்டரி போட்டால் 22எக்ஸ் ஒரு நாள் முழுக்க ஓடும். அதில் மின்னணுத் திசைகாட்டி கிடையாது, நடந்துகொண்டே இருந்தால்தான் அம்பு சரியாகக் காட்டும். டப்பாவின் அருகே நின்று தேடும்போது தொல்லை. கொஞ்சம் கூடப் போட்டால் 32எக்ஸில் திசைகாட்டி உண்டு. நான் அதற்குத்தான் ஓட்டுப் போடுகிறேன். கழுத்தில் மாட்ட ஒரு கயிறும் வாங்குங்கள்.

இதைப் படிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை. மொன்டானா 700ஐ போன்ற சிலவற்றில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதியும் இருக்கிறது. நம் நாட்டில் முன் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் ஒரு கனடாப் பெண்ணை இதற்காகப் பிடித்து வைத்தார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கருவி எதுவானாலும் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். பேரன் கேட்டால், ஆச்சி வீட்டுத் தோப்பில் டப்பாவை நானே ஒளித்து வைத்து, அடிக்கணக்கில் வரைபடம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.