கேபிளுக்கும் ஒரு கணக்கு உண்டு

சங்கீதத்தில் பற்றுடைய ஒருவர், பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு உயர்தர ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் அதற்கு இசைந்த ஸ்பீக்கர்களையும் வாங்கிய பின், அவற்றை இணைக்கும் கேபிளுக்காக மேலும் ஒரு பெருந்தொகையைச் செலவிடும்படி வற்புறுத்தப்படும்போது, மறுக்கத் துணிவின்றியும் ஏற்க மனமின்றியும் தத்தளிப்பது சகஜமாகிவிட்டது. அவருக்குச் சொல்லப்படும் காரணங்களோ, வெள்ளி தெளிவைத் தரும், செம்பு கனிவைத் தரும் என்ற தோரணையில் அமைந்தவை. பேருக்குக்கூட ஓர் எண் அவற்றில் இராது.

2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.007 ஓம். ஸ்பீக்கர் 3 மீட்டர் தூரத்தில் இருந்தால், போக 3, வர 3 என 6 மீட்டருக்கும் சேர்த்துச் சுமார் 0.04 ஓம்; 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன் இது அரை சதவீதம். வெள்ளி செம்பைவிடச் சுமார் 6 சதவீதம் நன்றாக மின்சாரத்தைக் கடத்தும் என்பது மெய்யே. ஆனால் அரை சதவீதத்தில் 6 சதவீதத்தை எந்தச் செவி பிரித்தறியும்? அதே சமயம், 15 மீட்டர் தூரத்திலுள்ள 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்தால் தடை 1 ஓமாகி, ஆம்ப்ளிஃபயர் தரும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு கம்பியிலேயே விரயமாவதோடு, ஸ்பீக்கரின் தடை ஸ்தாயிக்கு ஸ்தாயி மாறுபடுவதால் ஒலியின் குணமே திரிந்துவிடும்.

ஆகவே, சாதனத்துக்கேற்ற கேபிள் பொருத்தம் என்பதே புரட்டு என்று சாதிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரத்து நெய்ம் நிறுவனத்தார், மற்றவர்கள் பவர் ஆம்ப்ளிஃபயரின் முடிவில் வைக்கும் சிறு காயிலைத் தவிர்த்து, அது தரவேண்டிய மின்தூண்டலை ஸ்பீக்கர் கேபிளே தரும்படி அமைத்து, தங்கள் ஏ5 கேபிளின் நீளம் 3.5 மீட்டருக்குக் குறையலாகாது என்று விதித்தார்கள். அங்கே கேபிள் சர்க்யூட்டின் ஓர் அங்கமே. அத்தகைய சாதனத்தோடு, மெல்லிய இழைகளை நெருக்கிப் பின்னி மின்தேக்கத்தை மிகுதியாக்கிய ஆடம்பரக் கேபிளைச் சேர்த்தால், செவிக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஆம்ப்ளிஃபயர் தானே அலைவுற்று, சூடேறி, டிரான்சிஸ்டர்கள் கருகிப்போகவும் கூடும். இசைத்தட்டு கேட்பவர்க்கும் இக்கணக்கு உண்டு. மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் கேபிளின் மின்தேக்கம் மிகுந்தால் மேல் ஸ்தாயியின் இயல்பு மாறுவது பிரத்தியட்சம்.

மின்தடை, மின்தூண்டல், மின்தேக்கம் ஆகிய மூன்றையும், மீட்டருக்கு இவ்வளவு என்று கேபிளின் உறையில் அச்சிடுவதை விற்பவர்கள் தங்கள் கடமையாகக் கொள்ளவேண்டும். எத்தகைய கேபிளைத் தம் சாதனம் தாங்கும் என்பதை ஆம்ப்ளிஃபயர் செய்வோரும் கையேட்டில் விளக்கவேண்டும். உட்பொருள் விவரம் அச்சிடாத மருந்தை ஏற்காத நாம், விவரமில்லாத கேபிளை மட்டும் ஏற்பது நியாயமில்லை.

அதுவரையில், கையேட்டில் விசேஷ விதி ஏதும் இல்லாதவர்களுக்கு, சாதாரண எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் பல இழைச் செம்பு ஒயரே போதும் என்பது என் திடமான அபிப்பிராயம். மிச்சப் பணம் இன்னும் நல்ல ஸ்பீக்கருக்கோ, அறையின் எதிரொலியை அடக்கும் கனத்த திரைக்கோ போகட்டும். இணைக்கும்போதுதான் மிகுந்த சிரத்தை வேண்டும்: உறையைச் சீவியபின் இழைகளை இறுக முறுக்கி, சிவப்பு முனையிலிருந்து ஓர் இழைகூடப் பிரிந்து பக்கத்துக் கறுப்பு முனையைத் தொடாமல் திருகவேண்டும், தொட்டால், எவ்வளவு விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயரும் ஷார்ட் ஆகிவிடும்.