உடை மாற்றி வெளியே வருவோர்: எதிர்பாராதவை என்று எவற்றைச் சொல்கிறோம்?

ஆணாகப் பிறப்புப் பதிவு பெற்ற ஒருவர் சேலை உடுத்தித் தெருவில் நடப்பதை நாட்டில் எந்தச் சட்டமும் இன்று குற்றமென்று கூறவில்லை. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடுத்த வழக்கில் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் பாலின உணர்வை உடையாலும் சொல்லாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது அரசியலமைப்பின் 19(1)(அ) உறுப்பு காக்கும் கருத்து வெளிப்பாட்டு உரிமையின் பகுதி என்றது. அது நடந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கான்சாபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ இராஜபாளையத்துக்கோ அவ்வுடையில் பேருந்து ஏற நினைக்கும் ஒருவர், அத்தீர்ப்பை நம்பி வீட்டுப் படியைத் தாண்ட முடியுமா?

எதிர்ப்பால் உடை அணிந்து வெளியே செல்வோருக்கென்று வழிகாட்டுதல்கள் பல புழக்கத்தில் உள்ளன. மாற்று உடை ஒன்றைப் பையில் வைத்திரு, அடையாள அட்டையை மறவாதே, செல்லும் இடத்தை நண்பரிடம் சொல், வெளிச்சமான இடத்தில் நில் என்பன போன்றவை அவை. இவற்றில் பிழையில்லை. ஆனால் இவை அனைத்தும் பெருநகரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கு நம்மை யாருக்கும் தெரியாது என்ற அனுமானத்தின்மீது நிற்பவை. சிற்றூர்ப் பேருந்து நிறுத்தத்தில் அந்நியராக நிற்பவரிடம் முதலில் கேட்கப்படுவது ‘எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?’ என்பதே. அதற்குச் சொல்லும் விடை தெருவைக் காட்டிக்கொடுக்கும்; தெரு சாதியைக் காட்டிக்கொடுக்கும். சேலை கட்டிய தலித் இளைஞர் ஒருவருக்கு அந்த ஒரு கேள்வியிலேயே இரண்டு விசாரணைகள் தொடங்கிவிடுகின்றன.

உடை தென் தமிழகத்தில் ஒருபோதும் தனிமனித விருப்பமாக மட்டும் இருந்ததில்லை. 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் நாட்டார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி அணியலாகாது. சட்டையும் பனியனும் கூடாது. முடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடலை மறைக்கலாகாது. பூவும் மஞ்சளும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளையிடப்பட்டன. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும் அன்று அதே மாவட்டத்தில் இருந்தது. விருதுநகர் தனி மாவட்டமானது 1985இல்தான். இத்தடைகள் கான்சாபுரத்தில் விதிக்கப்பட்டன என்று இங்குச் சொல்லவில்லை. ஒருவர் உடலில் கிடக்கும் துணியைப் பார்த்து ஊர் கூடித் தண்டிக்கலாம் என்னும் நினைப்பு இம்மண்ணில் எவ்வளவு அண்மையது என்பதே கருத்து.

மறுபுறம் அரசின் உடைச் சட்டம் ஒன்றும் இருந்தது. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடியினர் சட்டம் என்றதும் கைரேகைப் பதிவுதான் நம் நினைவுக்கு வரும். அச்சட்டத்தின் இரண்டாம் பகுதியோ வட இந்திய மாகாணங்களில் வாழ்ந்த திருநர்களைப் பற்றியது. பதிவேட்டில் பெயர் ஏற்றப்பட்ட ஒருவர் பெண்ணுடையோ அணிகலனோ அணிந்து பொதுத் தெருவில் தோன்றினால் பிடியாணையின்றிக் கைது செய்யலாம்; ஈராண்டு வரை சிறையிடலாம். ஹைதராபாத் நிஜாம் ஆட்சியில் 1919இல் பிறந்த இதே போன்றதொரு சட்டம், 2023 ஜூலையில்தான் தெலங்கானா உயர் நீதிமன்றத்தால் செல்லாதென அறிவிக்கப்பட்டது. ஊர்த் தடைக்கும் அரசுச் சட்டத்துக்கும் தர்க்கம் ஒன்றே. உனக்கென்று விதித்த உடையை மீறினால் நீ மாறுவேடம் போட்டவன். மாறுவேடம் போட்டவன் ஏதோ குற்றம் செய்யத்தான் வந்திருக்கிறான்.

இதே சமூகம் எதிர்ப்பால் உடையை அறியாததன்று. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு நேர்ச்சை செய்துகொண்ட ஆண்கள் பெண் வேடம் பூண்டு ஊர் ஊராகக் காணிக்கை பெறுகின்றனர். கேட்கும் வீடுகள் பயபக்தியோடு இடுகின்றன. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரே மோகினி அலங்காரம் கொள்கிறார். இவற்றுக்கு நாள் உண்டு, மேளம் உண்டு, கோயிலின் அனுமதி உண்டு. மேளம் நின்ற மறுநாள் காலையில் அதே சேலையோடு அதே மனிதர் பேருந்தில் அமர்ந்தால் அவர் பக்தர் அல்லர்.

எனவே ‘எதிர்பாராத சூழல்’ என்று நாம் வழங்கும் சொல்லையே ஐயுற வேண்டியிருக்கிறது. நேர்பவற்றுள் பெரும்பாலானவை எதிர்பார்க்கத் தக்கவை. அவற்றுள் கொடியது கூட்டம். 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் பிள்ளை பிடிப்போர் பற்றிய வாட்ஸப் வதந்தி பரவியபோது ஹைதராபாத்தில் திருநங்கை ஒருவர் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். 2024 பிப்ரவரியில் சென்னைப் புறநகரான பம்மலில், அதே ஐயத்தின் பேரில் திருநங்கை ஒருவர் மின்கம்பத்தில் கட்டித் தாக்கப்பட்டார். இரண்டுமே பெருநகர எல்லைக்குள் நடந்தவை. ஊருக்குள் புதிதாக வந்த முகம், பொருந்தாத உடை, குழந்தைகள் விளையாடும் தெரு ஆகிய மூன்றும் சேர்ந்தால் வதந்திக்கு வேறொன்றும் தேவைப்படுவதில்லை.

இங்கேதான் நகர வழிகாட்டுதலின் முதல் அறிவுரை தலைகீழாகிறது. கூட்டம் முதலில் பிடுங்குவது கைப்பையை. அதனுள் ஒரு சட்டையும் கைலியும் கிடந்தால் அதுவே மாறுவேடத்துக்குச் சான்றாகிவிடும். மாற்று உடை தன் பையில் இருப்பதைவிட, உடன் வரும் தோழரிடமோ நகரில் ஒரு நம்பிக்கையான வீட்டிலோ இருப்பது நல்லது. மாற்றிக்கொள்ளும் இடமும் அந்த வீடே ஆகவேண்டும். பேருந்து நிலையக் கழிப்பறையில் எந்தப் பக்கம் நுழைந்தாலும் அங்கு ஒரு குற்றச்சாட்டு காத்திருக்கும். தட்டையான செருப்பு, எளிதில் கழன்று விழாத முடி, கையில் சில்லறை, கடவுச்சொல் பூட்டிய கைப்பேசி என்பவை சிறியவை. ஆனால் இவைதாம் பெரும்பாலும் உதவும். சூழத் தொடங்கும்போது ஓடுவது திருடன் என்ற பெயரை உறுதி செய்யும். ஆளிருக்கும் கடைக்குள்ளோ நிற்கும் பேருந்துக்குள்ளோ சென்று 112ஐ அழைத்தபடி, கேட்கும்படியாக உரத்துப் பேசுவது மேல்.

பயணச்சீட்டைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். 2021 மே முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அடுத்த மாதமே அச்சலுகை திருநங்கையருக்கும் விரிந்தது. சேலை கட்டியவரைக் கண்டதும் நடத்துநர் கேளாமலே கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்து நீட்டுவார். தம்மை ஆணாகவே கருதி எப்போதேனும் சேலை உடுத்தும் ஒருவர் அதை வாங்கிக்கொண்டால், பின்னர் ஏதேனும் சச்சரவு எழும்போது ‘பெண்ணென்று ஏமாற்றிப் பலன் பெற்றார்’ என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடைத்துவிடும். காசைக் கொடுத்து ‘டிக்கெட் குடுங்கண்ணே’ என்றால் குரல் காட்டிக்கொடுக்கும். இரண்டில் காசு கொடுப்பதே காப்பு என்பது என் கருத்து. ஆள்மாறாட்ட மோசடி என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆம் பிரிவை நீட்டுவோருக்கு, ஏமாற்றிப் பெற்ற பொருளோ பலனோ ஒன்று வேண்டும். உடை மட்டும் அதற்குப் போதாது.

தாக்குதல் நடந்தபின் சட்டம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கல்லூரித் தோழர்கள் சற்று நின்று பார்க்கவேண்டும். தெருவில் ஒருவருடைய சேலை உருவப்படுகிறது என்று கொள்வோம். அவர் பெண்ணாயின் நியாய சன்ஹிதாவின் 76ஆம் பிரிவு. தண்டனை மூன்று முதல் ஏழாண்டு. திருநராயின் 2019ஆம் ஆண்டு திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு வகுத்தது ஆறு மாதம் முதல் ஈராண்டு மட்டுமே. தம்மை ஆணென்றே கருதிச் சேலை உடுத்துபவர் அச்சட்டத்தின் வரையறைக்குள் வருவாரா என்பதே தெளிவில்லை. அவருக்கு எஞ்சுவது ஓராண்டு வரை சிறைக்குரிய சாதாரணக் காயப் பிரிவு. ஒரே கை, ஒரே துணி, ஒரே தெரு. அவிழ்க்கப்பட்ட உடல் எது என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின் இன்னொரு கதவு உண்டு. காவல் நிலையங்கள் அதைத் தாமாகத் திறப்பதில்லை. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(உ) பிரிவு, ஆங்கில மூலத்தில் ஐந்தாம் எழுத்துக் கூறு, வலுக்கட்டாயமாக ஆடை களைதல், தலையை மழித்தல், மீசையை எடுத்தல், முகத்திலோ உடலிலோ சாயம் பூசுதல் ஆகியவற்றையும் மனித மாண்பைக் குலைக்கும் அவை போன்ற செயல்களையும் தனிக் குற்றமாக்கியது. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை தண்டனை, முன்பிணை இல்லை, துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி புலனாய்வு செய்யவேண்டும், முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என 18அ பிரிவு கூறுகிறது. எதிர்ப்பால் உடை அணிந்தவர்மீது கூட்டம் செய்யும் அவமதிப்புகளின் பட்டியலை வைத்துக்கொண்டே எழுதியது போல அப்பிரிவு அமைந்திருக்கிறது. சாதி நோக்கில் இயற்றப்பட்ட சட்டம் திருநர் சட்டத்தைவிடக் கூடுதலாகப் பாதுகாக்கிறது என்பது பின்னதன் குறையைத்தான் சொல்கிறது.

ஆகவே மனு எழுதும் முறையும் முன்னேற்பாட்டின் பகுதியே. ‘என்னைத் தாக்கினார்கள்’ என்று முடிக்காமல் எந்தத் துணியை யார் பிடித்து இழுத்தார், முடியை யார் பற்றினார், எந்தச் சொல்லால் இழித்தார், தாக்கியவர் எச்சாதியினர், யார் பார்த்தார் என்பவற்றை அன்றே எழுதவேண்டும். நிலையத்தில் மனுவை ஏற்க மறுத்தால் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம்; அதன்பின் நடுவரை நாடலாம். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். வத்திராயிருப்புப் பக்கத்து மக்களுக்கு ஆட்சியர் அலுவலகத்தைவிட நீதிமன்றமே அருகிலிருக்கிறது. இலவச சட்ட உதவிக்கான 15100 என்னும் எண்ணைக் கைப்பேசியில் வைத்திருப்பது போதாது. காகிதத்திலும் இருக்கட்டும், கைப்பேசியைத்தான் முதலில் பறிப்பார்கள்.

காவல் துறையே எதிர்ப்பக்கமாகும் நேரமும் உண்டு. 2006இல் சென்னையில் காவலர்களின் பாலியல் வதைக்கு உள்ளான திருநர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். மறு ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் சுஷ்மா வழக்கில் பிறப்பித்த இடைக்கால ஆணையைத் தொடர்ந்து, பால்புதுமையரையும் அவர்களுக்காகப் பணிபுரிவோரையும் காவலர்கள் துன்புறுத்தலாகாது என்ற விதி 2022இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் சேர்ந்தது. இவ்விதியைப் பெயர் சொல்லிக் கேட்கும் ஒரு குரல் நிலையத்தில் பல நேரம் தொனியை மாற்றும். பிடித்துவைத்தால் காரணம் கேட்கலாம், உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கச் சொல்லலாம், வழக்குரைஞரைச் சந்திக்கலாம். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். பெயரைக் கேட்டால் அட்டையிலுள்ள பெயரையே சொல்லவேண்டும். விருப்பப் பெயரை அதன்பின் சேர்த்துச் சொல்லலாம். ‘வீட்டுக்குச் சொல்லட்டுமா?’ என்பது நிலையத்தில் வீசப்படும் மிக மலிவான மிரட்டல். நண்பரின் எண் ஒன்றை முன்னரே முடிவு செய்திருப்பவரிடம் அது பாதி வலுவிழக்கும்.

வீடு என்று வந்துவிட்டதால் நம் பக்கத்தையும் பேசியாக வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தாக்கியவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியல்லாதவராக இருந்தால்தான் பொருந்தும். சேலையை உருவியவர் சித்தப்பா மகனாகவோ தெரு நாட்டாமையாகவோ இருந்தால் மேலே சொன்ன கதவு மூடிக்கொள்ளும். ‘மேலத் தெருக்காரன் நம்மைப் பார்த்துச் சிரிப்பான்’ என்ற ஒரு வாதத்தை வைத்தே நம் குடியிருப்புகளில் பல பிள்ளைகள் அடக்கப்பட்டுள்ளனர். ஆதிக்கச் சாதியின் கண்ணை நம் வீட்டு முற்றத்தில் நாமே நட்டு வைப்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. முடியை வெட்டிக்கொண்டு சட்டை போட்டு நடக்கும் பெண் பிள்ளைகளுக்கும் திருநம்பிகளுக்கும் இது இன்னும் இறுக்கமானது. அவர்களுக்குத் தெருக்கூட்டம் அரிதாகவும் கட்டாயத் திருமணம் அடிக்கடியும் நேர்கிறது. வீட்டை விட்டு வெளியேறினால் ‘காணவில்லை’ என்று புகார் போகும். வயது வந்தவர் தம் விருப்பப்படியே சென்றார் எனத் தெரிந்தால் தொல்லை தராமல் புகாரை முடிக்கவேண்டும் என்பதும் சுஷ்மா வழக்கின் ஆணைகளுள் ஒன்று. வெளியேறுவோர் அவ்வாறு தாமே சென்றதைக் கையெழுத்திட்டு, நாளிட்டு, ஒரு வழக்குரைஞரிடம் விட்டுச் செல்வது நல்லது.

தனியொருவர் எவ்வளவு ஆயத்தம் செய்தாலும் இவற்றுள் பாதியை அவர் தாமே செய்துகொள்ள இயலாது. மாற்று உடையை வைக்க ஒரு வீடு, கழிப்பறைக்கு ஒரு வீடு, நிலையத்துக்கு வந்து நிற்க இருவர், மனுவை அன்றிரவே எழுத ஒருவர் தேவை. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் நம் அமைப்புகளுக்கு அலுவலகங்களும் படிப்பகங்களும் இருக்கின்றன. அவற்றுள் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள ஓர் அறையின் சாவி யாரிடம் இருக்கும், இரவு எட்டு மணிக்குமேல் அழைத்தால் எடுக்கும் எண்கள் இரண்டு எவை என்பனவற்றை அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்க்கலாம்.