பொத்தானை அழுத்தினால் வருவது யார்?

2019-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் பதிவாகும் ஒவ்வொரு பஸ்ஸிலும் வாடகை மோட்டாரிலும், வண்டி இருக்குமிடத்தைத் தெரிவிக்கும் கருவியும், ஆபத்தில் அழுத்த ஒரு பொத்தானும் இருந்தே தீரவேண்டும் என்று இந்திய சர்க்கார் விதி செய்தனர். 2012 டிஸம்பரில் டில்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை மறவாத எவரும் இதை ஆட்சேபிக்க மாட்டார்கள். அமெரிக்கச் செயற்கைக் கோள்களை மட்டும் நம்பியிராமல், நமது ‘நாவிக்’ கோள்களின் குறிப்பையும் கருவி ஏற்கவேண்டும் என்ற நிபந்தனை நமக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கிறது.

மூன்று சக்கர வண்டிகளுக்கு விலக்கு அளித்திருக்கிறார்கள். ஆட்டோ ரிக்ஷாவில் ஏறும் ஸ்திரீகளுக்கு ஆபத்தே வராது என்று எந்த ஜோஸியர் சொன்னாரோ!

அது போகட்டும். பொத்தான் தானாக எழுந்து வந்து யாரையும் காப்பாற்றாது. அழுத்தியதும் செய்தி ஒரு நிலையத்துக்குப் போகவேண்டும். நள்ளிரவிலும் அங்கே ஒருவர் விழித்திருக்கவேண்டும். அவர் சொன்ன மாத்திரத்தில் போலீஸார் புறப்படவேண்டும். இந்த ஏற்பாடு மாநில சர்க்கார்களின் பொறுப்பு. கருவிக்குப் பணம் கொடுப்பவரோ வண்டிச் சொந்தக்காரர். அவரிடம் காட்டும் கண்டிப்பை அதிகாரிகள் தங்கள் நிலையத்தினிடமும் காட்டவேண்டாமா? மாதம் ஒரு முறை, முன்னறிவிப்பின்றி, ஓடும் பஸ் ஒன்றில் பொத்தானை அழுத்திப் பார்க்கட்டும். உதவி வந்து சேர எத்தனை நிமிஷம் ஆயிற்று என்பதை ஜில்லாவாரியாகப் பிரசுரிக்கட்டும். அந்த ஜாபிதாவுக்கு நமது பத்திரிகையில் மாதந்தோறும் இடம் ஒதுக்கச் சித்தமாயிருக்கிறோம்.